பேட்டரி வைக்காத பெட்டி

நாற்பத்தோரு வருடத்தில் அந்த ராக் பாட்டுக்காரர் பதின்மூன்று ஆல்பம் போட்டார். பதின்மூன்றுக்கும் இந்த ஊரில் முதல் கருத்துச் சொன்னவர் காயில்காரர்தான். அவர் கேட்டு முடித்து, நாற்காலியை விட்டு எழுந்து, "சரி, இப்ப எல்லாரும் கேக்கலாம்" என்று சொல்கிறவரை ரசிகர் கூட்டத்தில் ஒருத்தர் வாயைத் திறந்தது கிடையாது. கூட்டத்தில் ஒரு பல் டாக்டர் உண்டு. ஊரையே வாயைத் திறக்கச் சொல்கிற மனிதர். அந்த நாட்களில் அவர் வாயும் மூடித்தான் இருக்கும்.

அப்படி ஒரு மரியாதை சும்மா வந்துவிடவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் அவர். பேனா பிடித்த நாள் குறைவு, செப்புக் கம்பி பிடித்த நாள்தான் அதிகம். கிழிந்த ஸ்பீக்கரைக் கொண்டுவந்து கொடுத்தால், அதிர்ந்து சத்தம் தருகிற பழைய காகிதக் கோனைச் சுரண்டி எடுத்து, தலைமுடி மாதிரி இருக்கிற கம்பியைக் காகிதக் குழாயில் சுற்றி, புதுக் காயில் போட்டு, உயிர் கொடுத்துத் திருப்பிக் கொடுப்பார். விரலால் கோனை லேசாக அழுத்துவார். உள்ளே காயில் உரசுகிறதா இல்லையா என்று, அடுத்த அறையில் மிக்ஸி ஓடினாலும் கண்டுபிடித்துவிடுவார். மீட்டர் வைத்துப் பார்க்கிறவர்கள் மீட்டரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இவர் வேலையை முடித்துவிட்டுக் கை கழுவப் போயிருப்பார். தகரக் கொட்டகையில் தொடங்கிய கடை இன்று மாடிக் கட்டடம். கீழே பட்டறை, மேலே வீடு. ஒரு செங்கல்கூட அடுத்தவன் கொடுத்தது இல்லை.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் ஒரு கச்சேரி. பத்தொன்பது வயதில் அவர் ஒரு ராக் கச்சேரிக்கு ஸ்பீக்கர் பெட்டி தூக்கப் போனார். இரண்டாவது பாட்டிலேயே ஒரு பெரிய ஸ்பீக்கர் கிழிந்து 'பர்ர்' என்று இழுத்தது. பெட்டிக்குச் சொந்தக்காரன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். இவர் போட்டிருந்த பனியனைக் கிழித்து, பசை தடவி, கோனில் ஒட்டுப்போட்டு, வாயால் ஊதி ஊதிக் காய வைத்தார். பாட்டுக்காரர் அதுவரை ஒரே ஒரு கிட்டாரை வைத்துக்கொண்டு பாட்டை இழுத்துப் பிடித்தார். கச்சேரி முடிந்ததும் இவர் போய், "அந்த இடது பெட்டியும் சரியில்லைங்க, காயில் உரசுது" என்றார். திறந்து பார்த்தால் உரசியது. பாட்டுக்காரர் இவர் தோளில் கையைப் போட்டு மூன்றே மூன்று வார்த்தை சொன்னார்.

"உனக்குக் காது இருக்கு."

டாக்டர் பட்டம், கலெக்டர் பட்டம் எல்லாம் இதற்குப் பிறகுதான். காயில்காரர் இந்தக் கதையைச் சொல்லாத ஆள் இந்த ஊரில் இல்லை.

"கல்யாணத்தன்னைக்கு என்கிட்ட பேசின முதல் பேச்சே இதுதான். நான் என்னமோ காது மூக்குன்னு அழகை வர்ணிக்கிறாராக்கும்னு நெனச்சேன்" என்று அவர் மனைவி சொல்வார்.

அன்றிலிருந்து அந்தப் பாட்டுக்காரர் இவருக்கு 'நம்மாளு'. நம்மாளுக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து, ஒன்பது வருடம் பாடாமல் இருந்து, இப்போதுதான் பதினான்காவது ஆல்பம் வருகிறது. குரல் போய்விட்டது, இனி எழுந்து வராது என்று ஊரெல்லாம் பேச்சு.

"வரட்டும். நான் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார் காயில்காரர்.

ஆல்பம் வருவதற்கு முந்தின நாள் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேலே கூடத்தில் அவர் கையாலேயே செய்த இரண்டு பெட்டிகள் நிற்கின்றன, ஆளுயரத்தில் முக்கால் பங்கு. இடது பெட்டியின் பெரிய ஸ்பீக்கரைக் கழற்றிக் கீழே கொண்டுவந்தார். கெட்டுப்போகவில்லை, நம்மாளு ஒன்பது வருடம் கழித்துப் பாடும்போது புதுத் தொண்டையில் பாடட்டும் என்று ஓர் ஆசை. அரை நாள் உட்கார்ந்து புதுக் காயில் சுற்றினார். கீழே கடையை இப்போது நடத்துவது அவருடைய மகள். அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பட்டறைச் சுவரில் சிவப்புப் பெயின்டில் ஒரே ஒரு சட்டம் எழுதியிருக்கிறது. 'பேட்டரி வைக்காமல் பெட்டியை மூடாதே.' ஸ்பீக்கருக்கு இரண்டு கம்பி. சின்ன டார்ச் பேட்டரி ஒன்றை அதில் தொட்டுப் பார்க்க வேண்டும். கோன் வெளியே தள்ளினால் இணைப்பு சரி. உள்ளே இழுத்தால் கம்பி மாறியிருக்கிறது என்று அர்த்தம். கம்பி மாறினால் ஸ்பீக்கர் கெட்டுப்போகாது, பாட்டுத்தான் கெட்டுப்போகும். இந்தச் சட்டத்தை மீறிய இரண்டு பேரை அவர் வேலையை விட்டே அனுப்பியிருக்கிறார்.

மகள் பேட்டரியை நீட்டினாள். "அப்பா, இந்தாங்க."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"எனக்கா? நான் சுத்தின காயிலுக்கா? ஏம்மா, நான் சோறு சாப்பிடும்போது வாய் எங்க இருக்குன்னு கண்ணாடி பார்த்தா சாப்பிடுறேன்?"

அவள் சிரித்துக்கொண்டே பேட்டரியை டப்பாவில் போட்டுவிட்டாள். ஸ்பீக்கர் மேலே போனது, பெட்டி மூடியாயிற்று. போட்டுப் பாருங்கள் என்றதற்கும் மாட்டேன் என்றுவிட்டார். புதுக் காயில் பாடுகிற முதல் பாட்டு நம்மாளுடைய புதுப் பாட்டாகத்தான் இருக்க வேண்டுமாம்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆல்பம் வந்தது. குளித்து, வெளுத்த சட்டை போட்டு, இரண்டு பெட்டிக்கும் நடுவில் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தார். மகள் போனிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு இணைப்புக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

முதல் பாட்டு. கிட்டார் இரண்டு பக்கமும் சடசடவென்று வந்தது. நல்லது. பிறகு குரல் வர வேண்டிய இடம். வந்தது, ஆனால் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ குளியலறைக்குள் பாடுகிற மாதிரி. டிரம்மில் அடி இருந்தது, நெஞ்சில் இடிக்கவில்லை. அடியில் உறும வேண்டிய பேஸ் கிட்டார் இருக்கிறதா, சம்பளம் வாங்கிக்கொண்டு லீவில் போய்விட்டதா என்று சந்தேகமாக இருந்தது. பதினொரு பாட்டும் அப்படியே. மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறை முடிந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் கூட்டம் கூடியது. பல் டாக்டர், பஸ் ஓட்டுநர், இன்னும் இரண்டு பேர். எல்லாருக்கும் நடுவில் நாற்காலி. பாட்டு ஓடியது. ஒருத்தரும் ஒருத்தர் முகத்தைப் பார்க்கவில்லை. காயில்காரரின் மனைவி மட்டும் இடது பெட்டியை ஒட்டிக் கிடக்கிற முக்காலியில் உட்கார்ந்து, காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தார். ராக் பாட்டுக்கும் அவருக்கும் ஆகவே ஆகாது.

"குரல் போச்சு போச்சுன்னு சொன்னீங்க. நல்லாத்தானே கத்துறான்? என் காது கிழியுது" என்றார்.

"நீ துணிய மடி" என்றார் காயில்காரர்.

அவர் கருத்தைப் பதிவு செய்து ரசிகர் குழுவில் போடுவதற்கு மகள் போனை நீட்டினாள். குழுவில் பல ஊர்க்காரர்கள், நாலாயிரம் பேர். காயில்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான் காயில்காரன் பேசுறேன். மனசு வலிச்சுத்தான் பேசுறேன். நம்மாளு பயந்துட்டாரு. தொண்டை பழைய மாதிரி இல்லன்னு அவருக்கே வெக்கம். அதனால குரலக் கொண்டுபோய்ப் பின்னாடி ஒளிச்சு வெச்சிருக்காரு. பேஸ் இல்ல, நெஞ்சுல ஒரு அடி இல்ல. எழுபது வயசானாலும் முன்னாடி வந்து நின்னு பாடுறவன்தான் ராக்காரன். ஒளிஞ்சுக்கிறவன் இல்ல. இது ஆல்பமே இல்ல. நாற்பத்தோரு வருஷம் கேட்ட காது சொல்லுது."

பேசி முடித்தபோது பல் டாக்டர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை பட்டறையில் இரண்டு ஸ்பீக்கர் முடிப்பதற்குள் ஊர் ரெண்டுபட்டது. பாதிப் பேர் "பெரியவர் சொன்னால் சரியாத்தான் இருக்கும்" என்றார்கள். மீதிப் பேர் பொரிந்து தள்ளிவிட்டார்கள். மனைவியின் தம்பி, தெருமுனையில் ஹெட்போன் விற்கிற கடைக்காரன், போனைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தான். இதற்காகவே காத்திருந்தவன் மாதிரி நின்றுகொண்டே படித்தான்.

"மாமா, கேளுங்க. 'குரல் காதுக்குள்ளயே வந்து பாடுது, இவருக்குக் கேக்கலன்னா டாக்டரப் பாக்கச் சொல்லுங்க.' இது ஒண்ணு. 'ஐயாவுக்குக் காயில் போயிருச்சு, யாராவது புதுசு சுத்தி விடுங்க.' இது நல்லாருக்குல்ல மாமா?"

"உன் கடையில ஒண்ணு வாங்கி மாட்டினவனா இருப்பான். ஹெட்போன்ல கேக்குறது பூட்டு ஓட்டை வழியா கல்யாணத்தப் பாக்குற மாதிரி மாப்ள."

"ஓட்டை வழியாப் பாத்தவனுக்கு மாப்பிள்ளை தெரியுது. பந்தல்ல உக்காந்த உங்களுக்குத் தெரியலையே?"

காயில்காரர் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரை மெதுவாக மேசையில் வைத்தார். மச்சான்காரன் அதற்கு மேல் நிற்கவில்லை.

சாயங்காலம் பஸ் ஓட்டுநர் வந்தார். வந்தவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுய்யா."

"இல்லண்ணே... இன்னைக்கு பஸ்ல போட்டேன். பஸ்ல இருக்கறது ஒத்த ஸ்பீக்கரு, அதுவும் நீங்க சுத்திக் குடுத்ததுதான். அதுல... குரல் முன்னாடி நிக்குதுண்ணே. ஏறுறவங்க எல்லாம் யாரு பாட்டுன்னு கேட்டாங்க. என் காதுதான் சரியில்லையோ என்னமோ."

"உன் காது சரியில்லைன்னு எப்பய்யா சொன்னேன்?"

"அப்ப..." என்று தொடங்கியவர் மேலே போகவில்லை. போகத் தேவையும் இல்லை. ஓட்டுநர் காது சரி என்றால் யார் காது சரியில்லை என்பது ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான்.

ஓட்டுநர் போனதும் காயில்காரர் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். கை நடுங்கினால் மருந்து உண்டு, கண் மங்கினால் கண்ணாடி உண்டு. காது? அவர் கட்டிய மாடி, சுவரில் எழுதிய சட்டம், பல் டாக்டர் அவரை 'அண்ணே' என்று கூப்பிடுவது எல்லாம் அந்தக் காதில்தான் நிற்கிறது. அது போய்விட்டது என்றால் நாற்பத்தோரு வருடத்துக்கு முன்னால் தோளில் விழுந்த அந்தக் கையும் போய்விட்டது. ஒன்று நம்மாளு கெட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் தான் கெட்டிருக்க வேண்டும். இரண்டில் எது பரவாயில்லை என்று யோசித்துப் பார்த்தார். இரண்டுமே தொண்டையில் இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, மறுபடியும் ஆல்பத்தைப் போட்டு நடுவில் உட்கார்ந்தார். அதே குளியலறைக் குரல். சமையலறையிலிருந்து மனைவி சத்தம் போட்டார்.

"ஏங்க, சும்மாதானே உக்காந்திருக்கீங்க? முக்காலியில துணி கெடக்கு. அதக் கொஞ்சம் மடிச்சு வைங்களேன். எனக்கு முட்டி வலிக்குது."

வேறு நாளாக இருந்தால் ஒரு பதில் சொல்லியிருப்பார். அன்றைக்குச் சொன்னதைச் செய்தார். எழுந்துபோய், இடது பெட்டியை ஒட்டிக் கிடந்த முக்காலியில் உட்கார்ந்து ஒரு போர்வையைக் கையில் எடுத்தார்.

போர்வை பாதி மடியும்போது நம்மாளு அவர் காதுக்குள் வந்து பாடினார்.

குரல்! கரகரவென்று, அடிபட்டு, தழும்போடு, ஆனால் முழுசாக. பேஸ் அடிவயிற்றில் போய் இடித்தது. காயில்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. போர்வையோடு எழுந்தார். நடுவுக்கு வந்தார், குரலைக் காணோம். வலது பெட்டியிடம் ஓடினார், குரல் இருக்கிறது. நடுவுக்கு வந்தார், இல்லை. இடதுக்கு ஓடினார், இருக்கிறது. போர்வை தரையில் இழுபட, அறுபது வயது மனிதர் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் ஓடுவதைப் பார்த்து மனைவி கரண்டியோடு வந்து வாசற்படியில் நின்றார்.

"துணி மடிக்கச் சொன்னா எதுக்குங்க ஓடுறீங்க?"

அவர் போர்வையைக் கீழே போட்டார். இடது பெட்டியைத் திறந்து, கீழே போய்ப் பேட்டரியை எடுத்துவந்து, கம்பியில் தொட்டார். கோன் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டது. கம்பி மாறியிருந்தது. வலது பெட்டி தள்ளும்போது இடது பெட்டி இழுத்திருக்கிறது. ஒன்றின் சத்தத்தை இன்னொன்று தின்றிருக்கிறது. நட்ட நடுவில் நிற்கிற குரலும் பேஸும்தான் முதலில் பலியாகும். கடைக்கு வருகிறவர்களுக்கு இதை ஆயிரம் தடவை அவரே விளக்கியிருக்கிறார்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முதலில் வந்தது வெட்கம் இல்லை, சந்தோஷம். "என் காது சரியாத்தான்டி இருக்கு! குரல் இல்லன்னு சொன்னேன். நடுவுல குரல் இல்லதானே? பேஸ் இல்லன்னு சொன்னேன். இல்லதானே? கேட்டதக் கேட்டபடி சொல்லியிருக்கேன்டி!"

"அத முதல்லயே நான் சொன்னேன். துணிய மடின்னு சொன்னது யாரு?" என்றார் மனைவி.

வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. நாலாயிரம் பேர்.

கம்பியை மாற்றிப் போட்டு, பேட்டரி வைத்துப் பார்த்து, பெட்டியை மூடி, ஆல்பத்தை முதலிலிருந்து கேட்டார். முதல் பாட்டில் குரல் அவருக்கு இரண்டடி முன்னால் வந்து நின்றது. ஒளியவில்லை, ஒரு பூச்சும் பூசவில்லை. உயரே போக முடியாத இடத்தில் நம்மாளு போகவில்லை. கீழே இறங்கி, தரையோடு தரையாக, டிரக் எஞ்சின் மாதிரி உறுமினார். ஏழாவது பாட்டில் ஒரு வரியைத் தப்பாக எடுத்தார். நிறுத்தினார், இருமினார். "தப்பு. முதல்லருந்து போலாம்" என்று அவரே சொல்கிற சத்தம். பிறகு டிரம், பிறகு பாட்டு. அந்தத் தப்பு, அந்த இருமல், எல்லாவற்றையும் வெட்டாமல் ஆல்பத்தில் அப்படியே விட்டிருக்கிறார். முன்பு கேட்டபோது அது ஏதோ முணுமுணுப்பாகப் போய்விட்டது. காயில்காரர் அந்த இடத்தை மட்டும் நாலு தடவை கேட்டார்.

மகள் மேலே வந்தாள். பின்னாலேயே மச்சான்காரனும் வந்தான். திறந்து கிடந்த பேட்டரி டப்பாவைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மாமா முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டான்.

"நம்மள விட்டா யாருக்கும் தெரியாதுப்பா. முதல்ல போட்டத அழிச்சிடவா?" என்றாள் மகள்.

"கேபிள் கோளாறுன்னு சொல்லிடுங்க மாமா. எங்க கடை கேபிள்னு வேணாலும் சொல்லுங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்" என்றான் மச்சான்.

அவன் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது. காயில்காரர் அவன் முதுகில் ஒன்று தட்டினார்.

"உன் கடைக் கேபிள் அவ்வளவு பெரிய தப்பெல்லாம் செய்யாது மாப்ள. அதுக்கு ஒரு தகுதி வேணும்." மகள் பக்கம் திரும்பினார். "அழிக்காத. அது அப்படியே இருக்கட்டும். அதுக்குக் கீழ இதப் போடு. போன எடு."

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்.

"நான் காயில்காரன் பேசுறேன். நான் முன்ன சொன்னது தப்பு. என் பெட்டியில கம்பி மாறிக் கெடந்துச்சு. மாத்திப் போட்டது நான்தான், வேற யாரும் இல்ல. பேட்டரி வைக்காம பெட்டிய மூடாதன்னு சுவத்துல எழுதி வெச்சவனும் நான்தான், மூடினவனும் நான்தான். நம்மாளு ஒளிஞ்சுக்கிட்டாருன்னு சொன்னேன் பாருங்க, அந்த வார்த்தைய மட்டும் திரும்ப வாங்கிக்கிறேன். ஏழாவது பாட்டக் கேளுங்க. அறுபத்தெட்டு வயசுல ஒரு மனுஷன் தப்புப் பண்ணி, தப்புன்னு சொல்லி, அத நாலு பேர் கேக்கட்டும்னு விட்டிருக்காரு. பதினாலு ஆல்பத்துல இதுதான் பெரிசு. இன்னொண்ணையும் எழுதி வெச்சுக்கோங்க. நாற்பத்தோரு வருஷத்துல எத்தனையோ ஆயிரம் காயில் சுத்தியிருக்கேன். ஒண்ணுதான் மாறுச்சு. அதையும் மீட்டர் கண்டுபிடிக்கல, இந்தக் காதுதான் கண்டுபிடிச்சுது."

"காது மட்டுமா? துணியும்தான்" என்றார் மனைவி. அதுவும் பதிவில் விழுந்துவிட்டது. மகள் வெட்டவா என்று கண்ணால் கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கூடியபோது பல் டாக்டர் பையிலிருந்து ஒரு பேட்டரியை எடுத்து, மாத்திரை கொடுக்கிற மாதிரி இரண்டு விரலால் நீட்டினார்.

"அண்ணே, மொதல்ல இது."

ஓட்டுநர் விழுந்து விழுந்து சிரித்தார். காயில்காரரும் விடவில்லை. இரண்டு பெட்டியையும் எல்லார் கண் முன்னாலும் திறந்து, தொட்டுக் காட்டினார். இரண்டு கோனும் ஒன்று போலக் கூட்டத்தைப் பார்த்து முன்னால் தள்ளின. "பார்த்தீங்களா? அணிவகுத்துப் போற பட்டாளம் மாதிரி" என்றார்.

பிறகு நடு நாற்காலியை இழுத்துப் போட்டு மனைவியை உட்காரச் சொன்னார். தான் போய் முக்காலியில் உட்கார்ந்து துணியை எடுத்துக்கொண்டார். ஏழாவது பாட்டு முடிகிற வரைக்கும் அந்த அம்மாள் கையைக் கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் டோக்கனுக்கு உட்கார்ந்திருக்கிற மாதிரி கேட்டார். நாலு ஆம்பிளைகளும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குப் பிடிக்கல" என்றார் கடைசியில். "ஆனா குரல் முன்னாடிதான் நிக்குது."

காயில்காரர் மடித்த போர்வையை முக்காலியில் வைத்துவிட்டு எழுந்தார்.

"சரி, இப்ப எல்லாரும் கேக்கலாம்."